ஆட்டுக் கண்ணோடு நின்றுபோன மருந்து

காலை ஆறு மணிக்கு மட்டன் கடைக்குப் போய் "அண்ணா, கண்ணு மட்டும் குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். நான் கிட்டத்தட்ட ஒரு வருஷம் கேட்டேன். பெங்களூரில் எம்.ஃபார்ம் படித்துக்கொண்டிருந்த காலம். முதல் வாரம் கடைக்காரர் சந்தேகமாகப் பார்த்தார். அடுத்த வாரம் "செய்வினை கிய்வினையா?" என்று சிரித்தார். அப்புறம் பழகிவிட்டது. நான் போவதற்குள் தலையைத் தனியாக எடுத்து வைத்திருப்பார். கண்களை ஐஸ் டப்பாவில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் லேப் போய்ச் சேரவேண்டும். கருவிழியை வட்டமாக வெட்டி, ஃபிரான்ஸ் செல் என்கிற கண்ணாடிக் குடுவையின் நடுவில் ஜவ்வு மாதிரி மாட்டுவேன். மேலே என் மருந்து, கீழே உப்புக் கரைசல். மேலே ஊற்றியதில் எவ்வளவு கீழே இறங்கியது என்று மணிக்கொரு தடவை எடுத்து அளக்கவேண்டும். எம்.ஃபார்ம் என்பது பெரும்பாலும் இந்தக் காத்திருப்புதான்.

என் மருந்தின் பெயர் நேட்டாமைசின். கருவிழியில் பூஞ்சை பிடித்துப் புண்ணானால் போடுகிற சொட்டு. அதைக் கொழுப்பால் ஆன நானோ துகளுக்குள் அடைத்து, துகளின் மேல் கைட்டோசான் பூசியிருந்தேன். கைட்டோசான் இறால் ஓட்டிலிருந்து எடுப்பது. பூசாத சொட்டைவிட என் சொட்டு நன்றாக இறங்கியது. கிராஃப் அழகாக வந்தது. வைவாவுக்கு வெளியிலிருந்து வந்த பேராசிரியர் "வெரி குட்" என்றார். தீசிஸின் கடைசிப் பக்கத்தில், இந்த முறை எதிர்காலத்தில் பூஞ்சைப் புண் நோயாளிகளுக்குப் பெரும் பயன் தரும் என்று எழுதி, தங்க எழுத்தில் பைண்டிங் போட்டுக் கொடுத்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

மூன்று வருஷம் கழித்து எங்கள் சின்னம்மா கண்ணில் ரோஜா முள் அடித்தது.

உத்தனப்பள்ளி ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகிற ரோட்டில் இருக்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்காரும் ஊர். தக்காளி, ராகி, கொள்ளு, இப்போது பாலிஹவுஸ் ரோஜா. ஒரு பக்கம் ஐபோனின் மேல்கூடு செய்கிற டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை. இன்னொரு பக்கம், சிப்காட்டுக்கு நிலம் தரமாட்டோம் என்று 2023-ல் உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் மூன்று பஞ்சாயத்து விவசாயிகளும் உட்கார்ந்த பந்தல். சின்னம்மா அந்தப் பந்தலில் உட்கார்ந்தவர். அவர் மகன் ஆலையில் ஷிப்ட் பார்க்கிறான். எங்கள் பக்கம் பாதி வீடுகள் இப்படித்தான்.

சின்னம்மா பாலிஹவுஸில் பூ அறுக்கும் கூலிக்குப் போவார். முள் பட்ட அன்று முந்தானையை ஊதி ஒத்தடம் கொடுத்துக்கொண்டு வேலையை முடித்துவிட்டுத்தான் வந்தார். மறுநாள் கண் சிவந்தது. மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டார்கள். "ரெண்டு நாள் ஜம்முனு இருந்துச்சுடா" என்றார் பிறகு. இருக்கத்தான் செய்யும். அதில் ஸ்டீராய்டு இருந்தது. ஸ்டீராய்டு சிவப்பையும் வலியையும் குறைக்கும். உள்ளே இருக்கிற பூஞ்சைக்கு எதிராக உடம்பு காட்டும் எதிர்ப்பையும் சேர்த்துக் குறைக்கும். ஆறாவது நாள் கருவிழியில் மல்லி விதை அளவுக்கு வெள்ளை. பெங்களூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் புண்ணைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, பூஞ்சை என்று சொன்னார்கள். எழுதிக் கொடுத்தது நேட்டாமைசின் 5 சதவீதம். "விழிச்சிருக்கிற நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு. நல்லா குலுக்கிட்டுப் போடுங்க."

பாட்டிலைக் கையில் வாங்கியதும் எனக்கு எப்படியோ ஆகிவிட்டது. நான் ஒரு வருஷம் திட்டிக்கொண்டிருந்த அதே வெள்ளைக் கலவை. தண்ணீரில் கரையாது; அடியில் சுண்ணாம்பு மாதிரி படியும்; அதனால்தான் குலுக்கச் சொல்கிறார்கள். பஸ்ஸில் திரும்பும்போது சின்னம்மா கேட்டார்: "நீ ஆட்டுக் கண்ணுல போட்டுப் பாத்தியே, அந்த மருந்தா இது?"

"இல்ல சின்னம்மா. இது பழசு."

"அப்ப அது எங்க?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

*

முதலில் ஒரு சொட்டுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிடலாம். பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டு 30 முதல் 50 மைக்ரோலிட்டர். கண்ணில் இயல்பாக இருக்கும் கண்ணீர் சுமார் 7 மைக்ரோலிட்டர். ஆழாக்குக்குள் குடத்தைக் கவிழ்க்கிற வேலை. பாதி கன்னத்தில் வழியும். மிச்சத்தை இமை நாலு தடவை மூடித் திறந்து மூக்குக் குழாய்க்குள் தள்ளிவிடும். சொட்டு மருந்து போட்டதும் தொண்டையில் கசக்கிறதே, அது இந்த வழியில் வந்ததுதான். தப்பிப் பிழைத்தது சளிப்படலத்தில் சிக்கும். அதையும் தாண்டினால் கருவிழியின் மேல்தோல், செங்கல் அடுக்கியது போல நெருக்கமான செல்கள். பொதுவாக ஒரு சொட்டில் 5 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் கண்ணுக்குள் போகிறது. நேட்டாமைசின் மாதிரி பெரிய, கரையாத மூலக்கூறுக்கு இன்னும் மோசம். மணிக்கு ஒரு சொட்டு என்கிற தண்டனை இதனால் வந்தது.

தண்டனை என்று சும்மா சொல்லவில்லை. கூலிக்குப் போகிறவர் ஒரு வாரம் முழுக்க, கடிகாரத்தைப் பார்த்து, படுத்து, இமையை இழுத்துப் பிடித்துச் சொட்டு போட்டுக்கொள்ள வேண்டும். அதன் பிறகும் இரண்டு மணிக்கு ஒரு தடவை, வாரக்கணக்கில். போட்டுவிட ஒரு ஆள் வேண்டும். சின்னம்மா மகன் நைட் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு, பகலில் தூங்காமல் சொட்டு போட்டான்.

இந்த இடத்தில்தான் பூசிய நானோ துகள் வருகிறது. மருந்தை மிக நுண்ணிய துகளுக்குள் வைத்து, துகளுக்கு மேல் ஒரு சட்டை போட்டுவிடுவது. எந்தச் சட்டை என்பதில் இரண்டு கட்சி. ஒன்று, ஒட்டுகிற கட்சி. சளிப்படலத்தின் மூலக்கூறுகளில் நெகடிவ் மின்சுமை இருக்கிறது, கைட்டோசானில் பாசிடிவ். இரண்டும் பற்றிக்கொள்ளும், துகள் சட்டென்று கழுவப்படாமல் நிற்கும். நான் இந்தக் கட்சி. இன்னொன்று, நழுவுகிற கட்சி. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் ஹேன்ஸ் குழு முன்வைத்த வாதம் இது: சளி ஓயாமல் கழுவப்பட்டுக்கொண்டே இருக்கிறது, அதில் ஒட்டினால் அதோடு நீயும் போவாய். அதனால் எதிலும் ஒட்டாத வழுவழுப்பான பூச்சு கொடு, துகள் சளியின் சல்லடைக்குள் நுழைந்து அடியில் இருக்கும் செல் வரைக்கும் போய்ச் சேரட்டும். பலாப்பழம் அறுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்கிறோமே, அந்த யோசனை. எந்தக் கட்சி சரி என்பது மருந்தையும் நோயையும் பொறுத்தது. இரண்டு பக்கமும் நல்ல விஞ்ஞானம் இருக்கிறது.

இப்போது ஆண்டுகளைக் கவனியுங்கள். லக்னோவில் இருக்கும் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம், நம் வரிப்பணத்தில் ஓடும் ஆய்வகம், நேட்டாமைசினை லெசித்தின்–கைட்டோசான் நானோ துகளில் வைத்து முயல் கண்ணில் சோதித்து 2012-ல் ஆய்வறிக்கை வெளியிட்டது. கடையில் விற்கும் சொட்டைவிட மருந்து கண்ணில் அதிகம் தங்கியது, மெதுவாக வெளியேறியது. என் தீசிஸ் இதற்கெல்லாம் பின்னால் பிறந்த கொள்ளுப்பேரன். ஐஐடி டெல்லியில் அர்ச்சனா சுக் குழு, செல்லுக்குள் துளைத்துப் போகும் பெப்டைடை நேட்டாமைசினோடு கோத்து 2015-ல் அறிக்கை போட்டது. 2021-ல் அது செய்தியாகவும் வந்தது. இதே நேட்டாமைசினை வேறு வேறு சட்டையில் போட்டுப் பார்த்த அறிக்கைகள் எகிப்திலிருந்தும் சீனாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்துகொண்டே இருக்கின்றன. சின்னம்மா கைக்கு வந்தது அமெரிக்காவில் 1978-ல் அனுமதி பெற்ற அதே 5 சதவீதக் கலவை.

"புது மருந்துன்னா டைம் ஆகும்ப்பா" என்பார்கள். சரி. நழுவுகிற கட்சிக்கு எவ்வளவு டைம் ஆனது? ஹேன்ஸ் உள்ளிட்டவர்கள் 2009-ல் கலா பார்மசூட்டிகல்ஸ் என்ற கம்பெனி தொடங்கினார்கள். 2018 ஆகஸ்டில் கண் அறுவைக்குப் பிந்தைய வீக்கத்துக்கும் வலிக்கும் ஒரு சொட்டு, இன்வெல்டிஸ், அமெரிக்க அனுமதி பெற்றது. பழைய மருந்துதான், லோட்டிப்ரெட்னால், பூச்சுதான் புதுசு. 2020-ல் அதே மருந்தைக் குறைந்த அளவில் வைத்து, உலர்கண்ணுக்கு ஐசுவிஸ். 2022-ல் இரண்டையும் ஆல்கான் வாங்கிக்கொண்டது. நம் ஊர்க் கம்பெனி தூங்கவில்லை. சன் பார்மாவின் செக்வா, நானோ மைசெல்லுக்குள் சைக்ளோஸ்போரின், அதே 2018 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவும் உலர்கண்ணுக்கு. அந்த மைசெல்லின் உறைக்குப் பயன்படும் பொருட்களில் ஒன்று ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்வது. உலகத்திலேயே அதிகமாக ஆமணக்கு விளைவிக்கிற நாடு எது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

ஆகவே டெக்னாலஜி வரவில்லை என்று யாரும் சொல்லாதீர்கள். வந்தது. இந்தியக் கம்பெனியே அதை விற்கிறது. ஸ்கிரீன் பார்த்துக் காய்ந்த கண்ணுக்கு வந்தது, முள் கிழித்த கண்ணுக்கு வரவில்லை. உலர்கண் நோயாளி வருஷக்கணக்காக மருந்து வாங்குவார், இன்சூரன்ஸ் பணம் கட்டும். பூஞ்சைப் புண்காரர் இரண்டு மாதத்தில் ஒன்று குணமாவார், இல்லை கண்ணை இழப்பார்; அவர் கையில் இருப்பது கூலிக் காசு. உலர்கண்காரர்களை நான் கேலி செய்யவில்லை; அந்த எரிச்சல் நிஜம். கணக்கைச் சொல்கிறேன்.

நோயாளிகள் குறைவோ என்று பார்த்தால் அதுவும் இல்லை. மதுரை மாவட்டத்தில் எடுத்த கணக்கு 1996-ல் வெளியானது: ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண். அமெரிக்காவில் ஒரு கவுண்டியில் எடுத்த கணக்கில் அது 11. மதுரையில் நடந்த இன்னொரு ஆய்வில், கிருமி உறுதிசெய்யப்பட்ட புண்களில் பாதிக்கு மேல் பூஞ்சை. 2021-ல் வந்த ஒரு மதிப்பீடு உலகம் முழுக்க ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் பூஞ்சைக் கருவிழி நோய் என்கிறது, பெரும்பாலும் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும். நெல் சோகை, கரும்புத் தோகை, மாட்டு வால், முள். இவ்வளவு பேர் இருந்தும் சந்தை இல்லை என்கிறார்கள் என்றால், சந்தை என்ற சொல்லுக்கு அவர்கள் வைத்திருக்கும் அர்த்தத்தைக் கவனியுங்கள்.

*

கம்பெனியைத் திட்டுவது சுலபம். லாபம் பார்க்கத்தான் கம்பெனி. என் கோபம் அதிகமும் எங்கள் ஆட்கள் மேல். என் மேலும்தான்.

எங்கள் துறையில் ஒரு பழக்கம் இருக்கிறது. மருந்து ஒன்றை எடு, பூச்சு ஒன்றை எடு, இரண்டையும் கோத்துத் துகள் செய். அளவு, மின்சுமை, எவ்வளவு மருந்து உள்ளே அடைந்தது, எத்தனை மணி நேரத்தில் வெளியே வந்தது; ஆட்டுக் கண்; வசதியிருந்தால் முயல் கண். பேப்பர். அடுத்த வருஷம் ஜூனியர் பூச்சை மாற்றுவான், மருந்து அதே. அதற்கடுத்தவன் மருந்தை மாற்றுவான், பூச்சு அதே. பட்டம் கிடைக்கும், கைடுக்குப் பதவி உயர்வு கிடைக்கும். ஒவ்வொரு பேப்பரின் கடைசியிலும் எதிர்காலத்தில் நோயாளிகளுக்குப் பயன்படும் என்று ஒரு வரி. நானும் எழுதினேன். அப்போது ஒரு பூஞ்சைப் புண் நோயாளியைக்கூட நேரில் பார்த்திருக்கவில்லை. லேப்பிலிருந்து ஆட்டோவில் போனால் இருபது நிமிஷத்தில் கண் ஆஸ்பத்திரி இருந்தது.

முயலுக்கு அடுத்த படி யாருடைய வேலை? கல்லூரியைக் கேட்டால் ஆராய்ச்சி முடிந்தது என்கும். ஆய்வகம் காப்புரிமை எடுத்துவிட்டோம் என்கும். கம்பெனி சந்தை இல்லை என்கும். அரசாங்கத்தை யாரும் கேட்பதில்லை.

அடுத்த படி சின்னதும் இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். கண் மருந்தில் கிருமி இருக்கவே கூடாது. சாதாரணச் சொட்டு என்றால் 0.22 மைக்ரான் வடிகட்டி வழியாக விட்டுக் கிருமியை நீக்கலாம். 0.22 மைக்ரான் என்றால் 220 நானோமீட்டர். கைட்டோசான் பூசிய துகள் பெரும்பாலும் அதே அளவு. கிருமியோடு மருந்தும் வடிகட்டியிலேயே நின்றுவிடும். சூடு பண்ணினால் பூச்சு கெடும், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஆரம்பத்திலிருந்தே கிருமியில்லாத அறையில் செய்யவேண்டும், ஒவ்வொரு தொகுதியும் ஒரே அளவில் வரவேண்டும், வருஷக்கணக்கில் கெடாமல் இருக்க வேண்டும். பணம் பிடிக்கும் வேலை. என் தீசிஸில் இதைப் பற்றி ஒரு பாராகூட இல்லை, வைவாவில் யாரும் கேட்கவும் இல்லை.

ஒரு எழுத்தாள நண்பர் இதைப் படித்துவிட்டு, "முதல்ல சுத்தமான சொட்டு குடுக்கச் சொல்லு, அப்புறம் நானோ பேசலாம்" என்றார். 2023-ல் சென்னைக்குப் பக்கத்து ஆலையிலிருந்து அமெரிக்கா போன செயற்கைக் கண்ணீர்ச் சொட்டோடு தொடர்புபடுத்தப்பட்ட கிருமித் தொற்றை அவர் சொல்கிறார். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கில் 81 பேர், அதில் 14 பேருக்குப் பார்வை போனது, 4 பேர் இறந்தார்கள். அவர் சொல்வதில் பாதி சரி. ஆனால் அந்த வாதத்தின் மறு பாதி எனக்கு ஆகாது. ஏழைக்கு முதலில் சுத்தம், கண்ணாடி, விழிப்புணர்வு. மேம்பட்டது எல்லாம் பிறகு. இந்த "பிறகு" எப்போது வரும்? பாலிஹவுஸில் பூ அறுப்பவருக்குப் பிளாஸ்டிக் கண்ணாடி கொடுங்கள் என்று நானும்தான் சொல்கிறேன். அதையும் யாரும் கொடுக்கவில்லை. மலிவான வழிக்கும் ஆளில்லை, மேம்பட்ட வழிக்கும் ஆளில்லை என்றால், மலிவானதே போதும் என்று ஏன் நாம் முந்திக்கொண்டு விட்டுக்கொடுக்க வேண்டும்?

சுத்தமாக, நுணுக்கமாகச் செய்ய இங்கே ஆளில்லை என்ற பேச்சும் எங்கள் ஊரில் எடுபடாது. சின்னம்மா மகன் வேலை பார்ப்பது போன் கூட்டின் மேற்பரப்புப் பிரிவில். மைக்ரான் கணக்கில் படலம் ஏற்றுகிறார்கள். ஒரு கூட்டில் நிறம் இம்மி மாறினால் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்றான். போனுக்கு இந்த ஒழுங்கு சாத்தியம், கண் மருந்துக்குச் சாத்தியமில்லை என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

நானோ என்றாலே கும்பிடுகிற கூட்டத்துக்கும் ஒன்று சொல்லவேண்டும். பூசிய நேட்டாமைசின் மனிதக் கண்ணில் ஜெயிக்கும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். அதற்கு ஒரு நல்ல பாடம் தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. வோரிகோனசோல் என்று புதிய, விலை கூடிய பூஞ்சை மருந்து. கண்ணுக்குள் நேட்டாமைசினைவிட நன்றாக ஊடுருவும். எல்லோரும் அதுதான் ஜெயிக்கும் என்று நினைத்தார்கள். அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளைச் சேர்த்து, யாருக்கு எது என்று குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தார்கள். 2013-ல் முடிவு வந்தது. பழைய வெள்ளைக் கலவைதான் ஜெயித்தது. பார்வையும் நன்றாக மீண்டது, கருவிழி ஓட்டை விழுவதும் குறைந்தது. ஊடுருவல் மட்டுமே எல்லாம் இல்லை என்று ஆகிவிட்டது. 2017-ல் உலக சுகாதார நிறுவனம் நேட்டாமைசினை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

அந்தச் சோதனையிலிருந்து நான் இரண்டு விஷயம் எடுத்துக்கொள்கிறேன். ஆட்டுக் கண்ணில் இறங்கியது என்பதற்காக மனிதக் கண்ணில் குணமாகும் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை; மனிதரில் சோதித்தால்தான் தெரியும். இரண்டாவது, இப்படி ஒரு சோதனையை நம் மண்ணில், நம் டாக்டர்கள், நம் நோயாளிகளை வைத்து உலகத் தரத்தில் நடத்த முடியும். பணம் கொடுத்தது யார் என்று தேடினேன். அமெரிக்க அரசின் தேசியக் கண் நிறுவனம். மதுரை விவசாயியின் கண்ணுக்கு எது நல்ல மருந்து என்று தெரிந்துகொள்ள அமெரிக்க வரிப்பணம் வேண்டியிருந்தது.

இதைப் படித்து, அரவிந்தைப் போலச் செய்யலாமே என்று யாராவது சொல்வீர்கள். ஆமாம். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கிய இடம் அது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டு விலையில் கட்டுப்படியாகவில்லை என்றதும் 1992-ல் ஆரோலேப் தொடங்கித் தாங்களே செய்தார்கள். விலை உலகம் முழுக்க இறங்கியது. அப்போதும் இங்கே செய்ய முடியாது, தரம் வராது என்றுதான் சொன்னார்கள். ஆனால் ஒரு அறக்கட்டளை செய்ததைக் காட்டி அரசாங்கத்தைத் தப்பிக்க விடுவது எனக்குப் பிடிக்கவில்லை. லக்னோ ஆய்வகம் அரசாங்கத்தினுடையது. ஐஐடி அரசாங்கத்தினுடையது. மெடிக்கல் காலேஜ் கண் வார்டும் அரசாங்கத்தினுடையது. கைட்டோசானுக்கான இறால் ஓடு நம் கடற்கரை ஆலைகளில் கழிவாகக் கிடக்கிறது. இந்த நான்குக்கும் நடுவில் ஒரு கோடு போட ஆளில்லை. நானோ ஆராய்ச்சிக்கு மானியம் கொடுக்கும்போது, முயலைத் தாண்டுகிற திட்டத்துக்கு ஒரு பங்கைத் தனியாக ஒதுக்கு. ஒரே மருந்தை இருபதாவது சட்டையில் போட்டுப் பார்க்க வருகிறவனிடம், முதல் பத்தொன்பதில் ஒன்றையாவது நோயாளி வரைக்கும் கொண்டுபோனாயா என்று கேள். நான் கேட்பது இவ்வளவுதான்.

சின்னம்மாவுக்குப் புண் ஆறியது. ஆறிய இடத்தில் பூ விழுந்துவிட்டது. அந்தக் கண்ணில் வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரிவதில்லை. கண் மாற்று அறுவைக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். பாலிஹவுஸில் ஒரு கண்ணோடு முள்ளுக்குள் கை விட முடியாது என்று இப்போது ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளி தரம் பிரிக்கப் போகிறார்.

போன மாதம் கல்லூரி ஜூனியர் ஒருவன் போன் செய்தான். கைடு டாபிக் கொடுத்துவிட்டாராம். நேட்டாமைசின்தான், பூச்சு மட்டும் ஹையலூரானிக் ஆசிட். "அண்ணா, ஆட்டுக் கண்ணு எங்க கிடைக்கும்?" என்றான். டாபிக்கை மாற்றச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அவனுக்கு மார்ச்சுக்குள் முடிக்க வேண்டும். கடை விலாசம் கொடுத்தேன். முதல் ஆட்டை வெட்டுவதற்கு முன்பு பக்கத்துக் கண் ஆஸ்பத்திரிக் கருவிழி வார்டில் ஒரு நாள் போய் உட்கார்ந்துவிட்டு வா என்றும் சொன்னேன். போகிறேன் என்றான். இன்னும் போகவில்லை.